நாலாம் நிமிட மணி

மேசை மணி ஒன்று, நிறுத்துக் கடிகாரம் ஒன்று, கோடு போட்ட தாள் ஒன்று. மூன்றையும் என் முன்னால் வைத்துவிட்டு மின்னியல் துறைத் தலைவர் சொன்னார்: "ஐயா, நீங்க ஒண்ணும் பேச வேண்டியதில்லீங்க. நாலு நிமிஷம் ஆச்சுன்னா ஒரு தட்டு. அஞ்சு ஆச்சுன்னா ரெண்டு தட்டு. அவ்வளவுதான் வேலை."

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே நான் தமிழாசிரியர். பொறியியல் கல்லூரியில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். 2022 முதல் அண்ணா பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்களுக்குத் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு பாடங்கள் வைத்திருக்கிறது. அந்த வழியாகத்தான் எங்களுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. வகுப்பு இல்லாத நாளில் சான்றிதழில் பெயர் எழுதுவோம், வரவேற்புரைக்கு அடைமொழி தேடிக் கொடுப்போம். இந்த முறை மணி.

நடந்தது, மாணவர்களுக்கான எரிசக்தித் தொழில் யோசனைப் போட்டி. மின்சாரம், எரிபொருள், சேமிப்பு என எதைப் பற்றியும் இருக்கலாம். கருவியாகவோ செயலியாகவோ இருக்கலாம். ஆனால் விற்கக் கூடியதாக இருக்க வேண்டும். 16 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடப் பேச்சு, 3 நிமிடக் கேள்வி.

என் மேசையை மேடையின் இடது ஓரத்தில், திரைக்குக் கொஞ்சம் பின்தள்ளிப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து பேசுகிறவர்களின் முகம் தெரியாது. பக்கவாட்டில் கன்னம் தெரியும், முதுகு தெரியும், முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்ட கைகள் நன்றாகத் தெரியும். நடுவர்கள் பார்க்காத அந்தக் கைகளைத்தான் நான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றிக்கொண்டிருந்தான். இன்னொருத்தியின் உள்ளங்கையில் நீல மசியில் எண்கள் எழுதியிருந்தன. வியர்வையில் ஒரு பூஜ்யம் கரைந்துகொண்டிருந்தது. கோடியா பத்துக் கோடியா என்று அவளுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

நடுவர்கள் மூன்று பேர். சென்னையிலிருந்து வந்த முதலீட்டு நிறுவன அம்மையார்; மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாலும் எழுதுவதெல்லாம் சின்ன நோட்டில்தான். மின்வாரியத்தில் மேற்பார்வைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். எல்லோரும் அவரை 'எஸ்.இ. சார்' என்றே கூப்பிட்டார்கள், ஓய்வு பெற்றும் பதவி அவரை விடவில்லை. மூன்றாமவர் ஆவாரம்பாளையத்தில் பம்ப் கம்பெனி வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனாவோடு ஒரு சின்ன டெஸ்டரும். போட்டிக்கு வரும்போதும் டெஸ்டரை எடுத்து வைக்க மறந்திருக்கிறார், அல்லது மறக்காமல் எடுத்து வந்திருக்கிறார்.

இந்த ஊருக்கு இப்படிப்பட்டவர்கள் புதிதல்ல. வகுப்பில் நான் சொல்வதுண்டு: 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது, அந்த மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகுதான் கோவையில் ஆலைகளும் கிணற்று மோட்டார்களும் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இங்கேயே மோட்டார் செய்து காட்டினார்கள். இதைச் சொல்லும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் தவறாமல் வரும்: "ஐயா, இது பரிட்சைக்கு வருங்களா?"

தொடக்க விழாவில் சிறப்பு விருந்தினர் ஒரு கதை சொன்னார். பிகாரில் மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில் தம்குஹா என்று ஒரு கிராமம். அந்தப் பக்கத்துக்காரரான ஞானேஷ் பாண்டே அமெரிக்காவில் குறைக்கடத்தி வேலையில் இருந்தவர். ஊருக்கு விளக்கு போடவேண்டும் என்று நண்பர்களோடு சேர்ந்து எதையெதையோ முயன்றார். புதுவகைச் சூரிய மின்கலம் சரிவரவில்லை. காட்டாமணக்கு எண்ணெயும் சரிவரவில்லை. கடைசியில் அரிசி ஆலைகளில் மலைபோல் கிடக்கும் உமி கண்ணில் பட்டது. உமியை மூச்சுத் திணற எரித்தால் வாயு வரும்; அந்த வாயுவில் என்ஜின் ஓடும்; என்ஜின் மின்சாரம் தரும். 2007 ஆகஸ்ட் 15 அன்று தம்குஹாவில் விளக்கு எரிந்தது. அடுத்த ஆண்டு, அந்தக் குழுவில் அமெரிக்காவில் மேலாண்மை படித்துக்கொண்டிருந்தவர்கள் வர்ஜீனியா, டெக்சஸ் பல்கலைக்கழகங்களின் மாணவர் போட்டிகளில் இந்த யோசனையைச் சொல்லிப் பரிசு வாங்கினார்கள். அந்தப் பணம் அடுத்தடுத்த நிலையங்களுக்குப் போயிற்று. ஹஸ்க் பவர் என்ற கம்பெனி அப்படி வளர்ந்தது.

"நாளைக்கு இந்த மேடையில இருந்தும் ஒரு ஹஸ்க் பவர் வரணும்" என்று அவர் முடித்தபோது கைதட்டல் நீண்டது. எனக்கு அந்த இரண்டு ஆண்டுகள் மட்டும் மனதில் நின்றுவிட்டன. விளக்கு எரிந்தது 2007; பரிசு 2008. மேடைக்கு வரும்போது அவர்களிடம் சொல்ல ஓடிக்கொண்டிருந்த ஒரு என்ஜின் இருந்தது. விருந்தினர் அதை அழுத்திச் சொல்லவில்லை. நான் பேச வந்தவன் இல்லை.

முதல் அணி, வேகத்தடையில் மின்சாரம்.

இது ஆண்டுதோறும் வரும். எந்தக் கல்லூரியில் எந்தப் போட்டி வைத்தாலும் கோயில் திருவிழாவுக்குப் பலூன்காரர் வருவது மாதிரி வேகத்தடைக்காரர்கள் வந்துவிடுவார்கள். வண்டி ஏறும்போது பலகை அழுந்தும், பற்சக்கரம் சுழலும், விளக்கு எரியும். மாதிரி ஒன்றும் கொண்டுவந்திருந்தார்கள். பொம்மைக் காரை விரலால் அழுத்தினால் பச்சை விளக்கு மினுங்கியது. பம்ப் கம்பெனிக்காரர் முன்னால் சாய்ந்து கேட்டார்:

"கண்ணு, வண்டி அந்தப் பலகைய அமுக்கீட்டு மறுபடியும் மேல ஏறோணுமில்ல? அதுக்குப் பெட்ரோல் யாரு போடறது?"

"வண்டிக்காரருங்க சார்."

"அப்ப அவரு பெட்ரோலப் புடுங்கித்தான் நீங்க லைட்டு போடறீங்க. இது கரண்டு தயாரிக்கறதில்லீங் கண்ணு, வழிப்பறி."

அரங்கம் சிரித்தது. பையனும் சிரித்தான். முதுகுக்குப் பின்னால் அவன் கை மட்டும் பொம்மைக் காரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது அணிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று காலடி வைத்தால் மின்சாரம் தரும் தரைக்கல், வேகத்தடையின் தம்பி. மற்ற இரண்டும் சூரியத் தகடுகளைச் செயற்கை நுண்ணறிவால் கண்காணிக்கிறோம் என்றன. என்ன கண்காணிப்பது என்று கேட்டதற்குத் தூசி என்றார்கள். தூசிக்குத் தண்ணீர் போதாதா என்று கேட்க நடுவர்களுக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். எல்லா அணிக்கும் முதல் ஸ்லைடு 'பிரச்சினை'. பிரச்சினை என்றால் ஒரு பாட்டி. சுருக்கம் விழுந்த முகம், புகை மண்டிய அடுப்பு, பின்னால் ஒரு சிம்னி விளக்கு. மதியத்துக்குள் ஒன்பது பாட்டிகளை எண்ணிவிட்டேன். அதில் இரண்டு அணிகளுக்கு ஒரே பாட்டி. இரண்டாம் முறை அவர் திரையில் வந்தபோது முதலீட்டு அம்மையார் லேசாகத் தலையசைத்தார், தெரிந்தவரைப் பார்த்தது போல.

எஸ்.இ. சார் எல்லா அணியிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். "சாயங்காலம் ஏழு மணிக்கு என்னப்பா பண்ணுவீங்க?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. மூன்றாவது முறை கேட்டபோதுதான் பிடிபட்டது. சூரியன் ஆறு மணிக்கு இறங்கிவிடுகிறது. ஏழு மணிக்கு வீடுகளில் விளக்கு, தொலைக்காட்சி, மிக்சி, ஏ.சி. எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்கின்றன. காற்றாலையை நம்பலாம் என்றால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசியில் தொடங்கிப் புரட்டாசியோடு ஓய்ந்துவிடும். "ஆடி மாசம் காத்தடிக்கறப்ப வாங்க ஆள் இல்லாம மில்லை நிறுத்தச் சொல்லியிருக்கோம். கார்த்திகையில ஏழு மணிக்கு ஒரு மெகாவாட்டுக்கு ஊரெல்லாம் கெஞ்சியிருக்கோம்" என்றார் அவர். 'மில்' என்றது காற்றாலையை. மாணவர்கள் பதில் ஒன்றே ஒன்று: "பேட்டரி சார்." அவரும் ஒவ்வொரு முறையும் பொறுமையாக, "பேட்டரிக்கு யாருப்பா காசு குடுப்பாங்க?" என்பார். அங்கே என் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், பதில் ஓடாது.

ஐந்தாவதாக வந்தவர்கள் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டி கொண்டுவந்தார்கள். "இது திருவண்ணாமலைப் பொண்ணு செஞ்சதாச்சே" என்று அம்மையார் உடனே சொல்லிவிட்டார். வினிஷா உமாசங்கர் பள்ளியில் படிக்கும்போதே அப்படி ஒரு வண்டியை வடிவமைத்து, 2020-ல் ஸ்வீடன் நாட்டின் சிறார் பருவநிலைப் பரிசு வாங்கி, 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசியவர். "நாங்க அதை மேம்படுத்தியிருக்கோம் மேடம்" என்றான் அணித் தலைவன். கரியின் கேடு, மரங்கள் எத்தனை வெட்டப்படுகின்றன என்றெல்லாம் நன்றாகவே பேசினார்கள். மதிய இடைவேளையில் வெற்றிலை வாங்கக் கல்லூரி வாசலுக்குப் போனேன். எதிரே புங்கமரத்தடியில் எங்கள் இஸ்திரிக்காரர் விடுதிப் பையன்களின் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் பெட்டியில் கரி இல்லை. பின்பக்கம் ஆரஞ்சு நிறக் குழாய், அதன் மறுமுனையில் சிலிண்டர். கேஸ் பெட்டிக்கு மாறி நாளாகிவிட்டது என்றார். அந்த அணியின் நான்கு பேரும் விடுதி மாணவர்கள். அவர்களுடைய சட்டையும் அந்த அடுக்கில் இருந்திருக்கும்.

மணிக்கு வருகிறேன். நாலாம் நிமிடத்தில் நான் ஒரு தட்டுத் தட்டியதும் எல்லா அணிக்கும் ஒரே நோய் பிடிக்கும்: வேகம். அதுவரை பாட்டியின் இருமலை விவரித்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று நாலு ஸ்லைடைத் தாண்டுவார்கள். கிளிக்கரை அழுத்தும் கட்டைவிரல் வெளுத்துப்போகும். கடைசி ஸ்லைடில்தான் விலை, செலவு, யார் வாங்குவார், எப்போது போட்ட பணம் திரும்பும் என்பதெல்லாம் இருக்கும். அதைக் கடைசி இருபது நொடியில் ஒரே மூச்சில் படித்துவிட்டு, என் இரண்டாவது தட்டோடு "தேங்க்யூ" என்பார்கள். தொழில் யோசனைப் போட்டி என்று பெயர்; தொழில் வருவது வாசற்படியில் செருப்பு மாட்டும்போது.

இதில் தப்பித்தவர்கள் ஏழாவது அணி. இரண்டு பெண்கள், மின்னணுவியல் இரண்டாம் ஆண்டு. பாட்டி இல்லை, முதல் ஸ்லைடே ஒரு மின்கட்டண அட்டை. "எங்க வீட்டு அட்டைங்க. இதுல போன தடவை 490 யூனிட். இந்தத் தடவை 510. இருபது யூனிட்டுதான் கூட. பில் எவ்வளவு கூடுச்சுன்னு பாருங்க." தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால் கடைசி யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. நூற்றுக்கு மேற்பட்ட தொடக்கப் படிக்குக் கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடும். அந்தக் கோட்டைத் தொடுமுன் எச்சரிக்கும் ஒரு சின்னக் கருவி, மீட்டர் விளக்கு மினுங்குவதை எண்ணிக் கைப்பேசிக்குச் சொல்லும். "கணக்கெடுக்க வர்றவரு நாலு நாள் தாமதமா வந்தாலே 500 தாண்டிரும்னு எங்கம்மா வாசல்லயே நிப்பாங்க" என்றாள் ஒருத்தி. அரங்கில் அமர்ந்திருந்த பேராசிரியைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அன்று அரங்கமே ஒப்புக்கொண்ட ஒரே உண்மை அதுதான்.

எஸ்.இ. சார் தன் ஏழு மணிக் கேள்வியைக்கூட மறந்து, "இது எங்க ஆளுங்க கண்ணுல படாம பாத்துக்கம்மா" என்று சிரித்தார்.

தேநீர் வேளை. போண்டாவும் தேநீரும் கொண்டுவந்த உணவக அக்கா என் மேசை மணியை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு ஆளுங்களா?" என்றார். தலையாட்டினேன்.

நடுவர்கள் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அம்மையார் ஒரு கம்பெனியைப் பற்றிச் சொன்னார். 2012-ல் அமெரிக்க எரிசக்தித் துறை முதன்முதலாக நடத்திய தேசிய மாணவர் தொழில் திட்டப் போட்டியில் ஜெயித்தது நியூமேட் என்ற குழு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பஞ்சு மாதிரி நுண்துளைகள் கொண்ட ஒரு பொருளைச் செய்தார்கள். இயற்கை எரிவாயுவில் ஓடும் வண்டிகளுக்கு அதைத் தொட்டிக்குள் அடைத்தால் குறைந்த அழுத்தத்தில் நிறைய வாயு பிடிக்கும் என்பது யோசனை. பிற்பாடு அந்தப் பொருள் விலைபோனது வேறு இடத்தில். சிப் செய்யும் ஆலைகளில் புழங்கும் நச்சு வாயுக்களைப் பத்திரமாக அடைத்து வைக்கும் சிலிண்டர்களாக.

பம்ப் கம்பெனிக்காரர் போண்டாவைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "இதுல என்னங்மா அதிசயம்? எங்கப்பா சைக்கிளுக்குப் பெடல் வார்க்கப் போறேன்னுதான் பவுண்டரி வெச்சாரு. வார்த்தது பம்ப்பு."

சிரித்துக்கொண்டே அம்மையார் நோட்டில் ஏதோ குறித்தார்.

மதிய உணவுக்குப் பிறகு போட்டி என்பது கொடுமை. சாம்பார் சாதமும் குளிரூட்டியும் சேர்ந்தால் எந்த எரிசக்தியும் நிற்காது. அந்தத் தூக்க நேரத்தில் பதினொன்றாவது அணி வந்தது. அணி என்று சொல்ல ஒரே ஒரு பெண். கூட வரவேண்டிய இருவரும் வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மின்னியல் மூன்றாம் ஆண்டு, தாராபுரம் பக்கத்துக் கிராமம். கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மூடியில் மூன்று துளை, அதில் மூன்று விளக்குகள். கைகளைப் பின்னால் கட்டவில்லை. இரண்டு கையாலும் அந்த டிபன் பாக்ஸைப் பிடித்திருந்தாள்.

ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொன்னாள். பிறகு நின்றாள். "தமிழ்ல சொல்லலாங்களா?" என்று கேட்டாள். சொல்லலாம் என்றார் அம்மையார்.

"எங்க ஊர்ல கரண்டு சும்மா குடுக்கறாங்க. காயில் கட்டறதுதானுங்க சும்மா இல்ல."

பம்ப் கம்பெனிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தமிழ்நாட்டில் விவசாயப் பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். 1984-ல் சிறு விவசாயிகளுக்கு, 1990 முதல் எல்லோருக்கும். ஆகவே விவசாயிக்கு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் கருவியை விற்க முடியாது. மிச்சம் பிடித்தால் அவர் பையில் ஒரு ரூபாயும் சேராது. காலையிலிருந்து மூன்று அணிகள் அப்படி விற்கப் பார்த்துத் திணறியிருந்தன. இந்தப் பெண் விலைச்சீட்டு எங்கே ஒட்டியிருக்கிறது என்று முதல் வரியிலேயே காட்டிவிட்டாள். மோட்டார் எரிந்தால் செம்புக் கம்பியை மறுபடி சுற்றவேண்டும். அதுதான் காயில் கட்டுவது. "போன வருஷம் எங்கப்பா ரெண்டு தடவை கட்டினாருங்க. ஒவ்வொரு தடவையும் அஞ்சாயிரம், ஆறாயிரம். மோட்டாரைத் தூக்கற கூலி தனி. கட்டி வர்ற நாலு நாள்ல வெங்காயம் வாடிப் போயிருது. அது கணக்குலயே வராதுங்க."

மோட்டார் ஏன் எரிகிறது என்பதைத் திரையில்லாமல் கையை வைத்தே விளக்கினாள். மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் அதே தண்ணீரைத் தூக்க அதிகக் கரண்ட் இழுக்கும். சூடேறும். மூன்று பேஸில் ஒன்று போனால் மற்ற இரண்டும் அதன் சுமையையும் சேர்த்துச் சுமக்கும். இன்னும் சூடு. அவளுடைய பெட்டி சூட்டைப் பார்த்து, எரியும் நிலைக்குச் சற்று முன்னால் நிறுத்தும். எந்த நேரத்தில் அழுத்தம் விழுந்தது என்று எழுதியும் வைத்துக்கொள்ளும்.

நாலாம் நிமிட மணி. தட்டினேன். அவள் அவசரப்படவில்லை. நடுவிலிருந்த வாக்கியத்தை முடித்தாள். "அவ்வளவுதானுங்க" என்றாள். டிபன் பாக்ஸை நடுவர் மேசையில் வைத்தாள்.

"ஒரு பேஸ் போனா நிறுத்தறதுக்கு ஏற்கெனவே கடையில சாமான் கெடைக்குதே கண்ணு" என்றார் பம்ப் கம்பெனிக்காரர்.

"கெடைக்குதுங்க. எங்க ஊர்ல பாதிப் பேரு அதைக் கழட்டி விட்டுட்டாங்க."

"ஏன்?"

"ரெண்டு பேஸ் வர்றப்ப அது மோட்டாரை ஓட விடாதுங்க. தண்ணி எடுக்கோணுமில்லீங்க? கண்டென்சர் போட்டு ரெண்டு பேஸ்லயே ஓட்டுவாங்க. அதனாலதான் நான் பேஸைப் பாக்காம சூட்டைப் பாக்கறேன். ஓடற வரைக்கும் ஓடட்டும்னு."

எஸ்.இ. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்டென்சர் போட்டு ஓட்டுவது வாரியத்தின் கண்ணில் குற்றம். அவர் அதை எத்தனை ஊரில் பிடித்திருப்பாரோ. அவர் கேட்டார்: "கெணத்து மோட்டார் சரிம்மா. ஆயிரம் அடி போருக்குள்ள கெடக்கற மோட்டார் சூட்டை எப்படிப் பாப்பே?"

அவள் யோசித்தாள். என் கடிகாரத்தில் 9 நொடி.

"தெரியலீங்க."

காலையிலிருந்து இருபது முப்பது கேள்விகள் கேட்கப்பட்டிருக்கும். பதினோரு அணிகளில் அந்தச் சொல்லைச் சொன்னது இவள் ஒருத்திதான். மற்றவர்கள் 'அடுத்த கட்டத்தில்' என்றார்கள், 'ஆய்வு செய்துகொண்டிருக்கிறோம்' என்றார்கள், 'கிளவுடில் இருக்கிறது' என்றுகூட ஒருவன் சொன்னான்.

பெரியவர் தாளை இழுத்து வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தார். மேலே வரும் கம்பியில் ஓடும் கரண்டை அளந்தாலே போதும். எவ்வளவு நேரம் எவ்வளவு ஓடியது என்று கணக்கு வைத்தால் கீழே சூடு எவ்வளவு என்று மதிப்பிடலாம். நின்ற நேரத்தில் எவ்வளவு ஆறும் என்பதையும் கழிக்கவேண்டும். பெண் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து குனிந்து பார்த்தாள். பம்ப் கம்பெனிக்காரர் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து டிபன் பாக்ஸ் மூடியின் திருகைக் கழற்றினார். மூன்று நிமிடம் முடிந்தது. இரண்டு தட்டுத் தட்டினேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி தட்டலாமா என்று துறைத் தலைவரைப் பார்த்தேன். அவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்க்கெட் சைஸ் என்னன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றார் முதலீட்டு அம்மையார்.

"எங்க ஊர்ல காயில் கட்டற கடை ரெண்டு இருக்குதுங்க மேடம். ரெண்டுலயும் எப்பவும் மோட்டார் வரிசையில நிக்கும்."

"மாநிலம் முழுக்க இருபது லட்சத்துக்கு மேல பம்ப்செட் இணைப்பு இருக்கும்மா, எழுதிக்கங்க" என்றார் எஸ்.இ. சார், தலை நிமிராமல்.

அம்மையார் எழுதிக்கொண்டார். முன்பு மற்ற அணிகளின் கோடிகளைக் கேட்டபோது அவர் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

மீதி ஐந்து அணிகளும் வந்துபோயின. சென்ற ஆண்டு மாநில அரசின் மாணவர் போட்டியான நிரல் திருவிழாவுக்குப் போய்வந்த பையன்கள் விடுதிச் சமையலறைக் கழிவில் எரிவாயு என்று தெளிவாகவே பேசினார்கள். பொள்ளாச்சிப் பக்கத்து மூவர், தென்னை நார்த் துகளை அழுத்திச் செய்த கட்டிகளைத் தாம்பாளத்தில் அடுக்கிக் கொண்டுவந்தார்கள். கொதிகலன் வைத்திருக்கும் சாயப்பட்டறை ஒன்று அதை வாங்குவதாகக் கடிதமும் வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஏழு மணிக் கேள்விக்குப் பதில் வைத்திருந்த ஒரே அணி அது. "ஏழு மணிக்கும் எரியுங்க" என்றான் பையன்.

முதல் பரிசு அவர்களுக்கே. சரியான தீர்ப்பு என்பேன். இரண்டாவது, மின்கட்டண அட்டைப் பெண்கள். மூன்றாவது எரிவாயு. தாராபுரத்துப் பெண்ணுக்கு ஊக்கப் பரிசு. சான்றிதழில் பெயரை நான்தான் எழுதினேன். மூன்று பேர் பெயரும் எழுதச் சொன்னாள், வராத இருவரையும் சேர்த்து.

முதல் பரிசுக்காரர்களுக்கு ஆளுயர அட்டைக் காசோலை கொடுத்தார்கள். புகைப்படம் எடுத்ததும் அதை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்ற விடுவார்களா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் இரண்டாக மடித்தார்கள்.

பம்ப் கம்பெனிக்காரர் படியிறங்கும்போது அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "அம்மிணி, திங்கக்கெழமை காத்தால அந்த டப்பாவ எடுத்துட்டுக் கம்பெனிக்கு வந்துருங்க. டெஸ்ட் பெஞ்சுல நாலு மோட்டார் இருக்குது, எரிச்சே பாத்துருவோம்."

"திங்கக்கெழமை இன்டர்னல் எக்ஸாம் இருக்குதுங்க."

அவர் துறைத் தலைவரைப் பார்த்தார். துறைத் தலைவர் என்னைப் பார்த்தார். நான் மணியைப் பார்த்தேன்.

"அப்ப புதங்கெழமை" என்றார் அவர். அவள் தலையாட்டினாள்.

மணியையும் கடிகாரத்தையும் ஆய்வக உதவியாளரிடம் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். நேரத் தாளை யாரும் கேட்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பதினைந்து அணிகளுக்கு நேரே 5:00 என்று எழுதியிருக்கிறது. பதினொன்றாவது அணிக்கு 4:10.